கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மாடிவரிசைக்காக

எங்கள் ஒழுங்கை முனையில் நிற்கும் பழைய மாடிவரிசையை இடிக்கப் போகிறார்கள் என்பது உறுதியானதும், மனுவுக்குக் கையெழுத்துச் சேர்க்கும் முன் சட்டத்தைப் படித்தோம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதியை, அதாவது கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன கண்டி உடன்படிக்கை நாளை, பழைமைக்கு எல்லையாக வைக்கிறது. கொழும்பில் நாம் பழையவை என்று சொல்லும் கட்டிடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. அவற்றைப் பாதுகாக்க வர்த்தமானியில் தனியாகப் பிரகடனம் செய்ய வேண்டும். அதற்கு ஊரார் எழுந்து கேட்க வேண்டும். கொம்பனித் தெருவின் டி சொய்சா கட்டிடம் 2021 இல் இடிபட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். காத்திருக்க மனம் வரவில்லை.

இடிப்பதற்கு அனுமதி வழங்கப்பட்டதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மேன்முறையீடு செய்த பிறகே பதில் வந்தது, அதுவும் சிங்களத்தில் மட்டும். தமிழிலும் தரும்படி மீண்டும் எழுதிப் பெற்றோம். பாதிப் பேருக்கு வாசிக்க முடியாத கடிதத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கூட்டம் நடத்துவது?

உரிமையாளருடன் பேசியதுதான் இதில் பெரிய வேலை. "தம்பி, பிரகடனம் வந்தால் ஓடு மாற்றவும் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். கூரை ஒழுகினால் நீங்களா வந்து பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். நியாயமான அச்சம். அவரை வில்லனாக்கிப் பேசிய இளைஞர்களை நாங்களே அடக்கினோம். பிறகு ஒழுங்கையிலுள்ள தச்சரும் மேசனும் கூரைமேல் ஏறிப் பார்த்தார்கள். உளுத்துப்போனவை பின்பக்கத்து வளைமரங்கள் மட்டுமே. முன்பக்க விறாந்தையும் மரக்கிராதியும் உறுதியாக இருந்தன. அதைக் கண்ணால் கண்டபின் அவர் பேச்சு மாறியது.

பழைய காணி உறுதிகள், மாநகர சபை வரி ரசீதுகள், அந்த விறாந்தையில் எடுத்த கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் வீடு வீடாகத் திரட்டித் தொல்பொருள் திணைக்களத்திடம் கொடுத்தோம். அலுவலர்கள் வந்து அளந்து படமெடுத்துப் போனார்கள். பிரகடனம் இன்னும் வரவில்லை. ஆனால் முன்பக்கத்தை அப்படியே விட்டுப் பின்பக்கத்தை மட்டும் புதிதாகக் கட்டும் திருத்திய வரைபடத்துக்கு உரிமையாளர் சம்மதித்துவிட்டார்.

கீழ்த்தளக் கடைக்காரர்கள் வேலை முடிந்ததும் பழைய வாடகைக்கே திரும்பி வர முடியுமா என்பது இன்னும் பேசி முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் முதலில் அதைத்தான் எடுக்கிறோம்.