இரண்டு பெல்ட், ஒரு ஆயில் சீல், ஒரு கேம் பிளேட்: ஏடிவி கிளட்ச் சரிசெய்த அனுபவம்

ரேஸ் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை. மேட்டில் ஏறும்போது எஞ்சின் அலறுகிறது, சக்கரம் நொண்டுகிறது, பின்னாலேயே ரப்பர் கருகும் நாற்றம். சிவிடி (இரண்டு புல்லியும் ஒரு பெல்ட்டும் சேர்ந்து வேகத்தைத் தானாக மாற்றும் அமைப்பு) உள்ள ஏடிவியில், அதாவது கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர வண்டியில், இதைக் கண்டதும் எல்லோரும் சொல்லும் ஒரே பதில் "பெல்ட் போயிடுச்சு". பெல்ட் போனது உண்மைதான். ஏன் போனது என்று பார்க்காமல் புதுசை மாட்டியதில்தான் இரண்டாவது பெல்ட்டும் போனது.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வழுக்குவது பெல்ட்டா, வெட் கிளட்ச்சா? பொலாரிஸ் போன்ற வண்டிகளில் முன் புல்லி நேராக கிராங்கில் (எஞ்சினின் சுழல் தண்டில்) உட்கார்ந்திருக்கும், பெல்ட்டைப் பிடிப்பதும் விடுவதும்தான் அங்கே கிளட்ச். யமஹா கிரிஸ்லி மாதிரியான வண்டிகளில் கிராங்குக்கும் முன் புல்லிக்கும் நடுவே எண்ணெயில் ஓடும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் (ரேஸ் ஏறினால் தானாகப் பிடிப்பது) ஒன்று தனியாக உண்டு; அதுதான் வெட் கிளட்ச். என் கையில் இருந்தது இந்த இரண்டாவது வகை. பெல்ட் வழுக்கினால் நாற்றம் வரும், மூடிக்குள் கறுப்புத் தூள் கொட்டிக்கிடக்கும், பெல்ட்டை இருபுறமும் பிடிக்கும் புல்லித் தட்டுகள் தொட முடியாத அளவு சுடும். நாற்றமும் இல்லை, தூளும் இல்லை, ரேஸ் மட்டும் ஏறுகிறது என்றால் வெட் கிளட்ச் லைனிங்கை (உராய்ந்து பிடிக்கும் பட்டையை) சந்தேகிக்கலாம். அதற்கும் முன்னால் எஞ்சினில் என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று யோசியுங்கள். வெட் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே ஓடும் வண்டியில், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் லைனிங் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ முத்திரை (வெட் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான தரக்குறி) இருக்க வேண்டும்.

கழற்றிய பெல்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். சுற்று முழுக்கத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் குழி விழுந்து இடுப்பு ஒடுங்கியிருந்தால், சக்கரம் மாட்டிக்கொண்டு நின்றபோது திராட்டிலை அழுத்தியிருக்கிறார்கள். பெல்ட் நகராமல் நிற்க, முன் புல்லி அதே இடத்தில் சுழன்று அரைத்திருக்கிறது. பக்கவாட்டு இரண்டும் சுற்றிலும் கண்ணாடி மாதிரி மினுங்கினால் சூடு அல்லது எண்ணெய். ஓரத்தில் நூல் பிரிந்தால் புல்லித் தட்டில் பிசிறு இருக்கும், இல்லையென்றால் இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இல்லை. அகலத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து, கையேட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்பது கணக்கில் சேராது.

என் முதல் பெல்ட் சுற்றிலும் மினுங்கியது, கூடவே இரண்டு இடத்தில் நூல் நூலாகப் பிய்ந்திருந்தது. காரணம் மூடிக்கு வெளியே கிடந்தது. சிவிடி பெட்டிக்குக் குளிர்காற்று எடுத்துப்போகும் குழாயின் நுனியில் காய்ந்த சேறு அடைத்து, விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. அதோடு, பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் லோ கியரில் (பாரம் இழுக்க உள்ள மெதுவான கியரில்) போகாமல் ஹையிலேயே ஓட்டியது என் தப்பு. குறைந்த வேகத்தில் ஹை கியரில் இழுக்கும்போது பெல்ட் பாதி வழுக்கியபடியே வேலை செய்யும். ஓர் அரை மணி நேரம் போதும், பெல்ட் வெந்துவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் பெல்ட்டை மாற்றித் தந்தார்கள். குழாயைத் திறக்கவில்லை. பிய்ந்த நூல் எங்கே போனது என்றும் தேடவில்லை. முன் புல்லியின் நட்டைக் கழற்ற, தட்டு சுற்றாமல் இருக்க விசிறி இதழ்களுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருக்கிறார்கள். இதழ் ஒன்று உடைந்திருந்தது. அதற்கென்று புல்லி ஹோல்டர் இருக்கிறது. அது இல்லையென்றால் வேலையை எடுத்துக்கொள்ளாமல் இருப்பதே மேல்.

இரண்டாவது பெல்ட்டும் சில நாளில் வழுக்க ஆரம்பித்தது. இந்த முறை நாற்றம் குறைவு. தண்ணீர் புகுந்திருக்கும் என்று நினைத்து, பெட்டியின் அடியில் உள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றி, நியூட்ரலில் போட்டு மிதமான ரேஸில் சில நிமிடம் ஓட விட்டேன். தண்ணீர் மட்டும்தான் பிரச்சினை என்றால் இதிலேயே பெல்ட் காய்ந்து பிடித்துவிடும். எனக்குப் பிடிக்கவில்லை. பிளக் துளையிலிருந்து சொட்டியதும் தண்ணீர் இல்லை, ஆயில்.

மூடியைத் திறந்து முன் புல்லியை முழுவதும் இறக்கிய பிறகுதான் தெரிந்தது. பழைய பெல்ட்டின் நூல் ஒரு கொத்தாக ஷாஃப்ட்டைச் சுற்றி இறுகி, பின்னால் இருந்த வெட் கிளட்ச் மூடியின் ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) உதட்டைக் கிழித்திருந்தது. அங்கிருந்து கசிந்த ஆயில் தட்டுகளின் முகம் முழுக்கப் பூசினாற்போல் படர்ந்திருந்தது. பெல்ட் பிய்ந்து போன வண்டியில் புது பெல்ட்டை மாட்டுவதற்கு முன் இரண்டு புல்லிக்கும் பின்னால், குழாய்க்குள், பெட்டியின் மூலைகளில் எல்லாம் நூலைத் தேடி எடுங்கள். 

சீல் மாற்றியது சுலபம். தட்டுகளின் முகத்தை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பச்சை ஸ்க்ரப்பரால் லேசாகத் தேய்த்து, மறுபடி துடைத்தேன். அந்த முகங்களில் கிரீஸ் ஒரு துளிகூடப் படக்கூடாது. ரோலர்களில் (முன் புல்லியின் அசையும் தட்டைத் தள்ளும் உருளை எடைகளில்) தட்டையான தேய்மானம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தேன்; எல்லாம் சரியாக இருந்தன. புது பெல்ட்டை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, அம்புக்குறி சுழலும் திசையைப் பார்க்கும்படி மாட்டினேன். டார்க் ரெஞ்சில் (வைத்த இறுக்கம் வந்ததும் சத்தம் தரும் ஸ்பேனரில்) கையேட்டு அளவு வைத்து முன் புல்லியின் நட்டை இறுக்கினேன், 'க்ளிக்' என்றது. வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாளில் முன் பக்கமிருந்து டக் டக் என்று சத்தம். திறந்தால் நட்டை விரலால் சுற்ற முடிகிறது. ரோலர்கள் சாயும் கேம் பிளேட்டின் ஸ்ப்லைன் பற்கள் (ஷாஃப்ட்டோடு கோக்கும் பற்கள்) மழுங்கிப் போயிருந்தன.

இதுதான் இந்தப் பதிவை எழுத வைத்த தப்பு. நட் உண்மையில் இறுக்க வேண்டியது உள்ளே இருக்கும் கேம் பிளேட், நடுவில் ஸ்லீவ் (ஷாஃப்ட்டின் மேல் ஏறும் குழல்), வெளியே அசையாத் தட்டு என்ற மூன்றையும் ஒன்றோடொன்று. பின் புல்லியை விரிக்காமல் பெல்ட்டை மாட்டினால், பெல்ட் இழுபட்டு முன் புல்லியின் இரண்டு தட்டுகளுக்கும் நடுவே சிக்கி நிற்கும். அப்போது நட் இறுகுவது ஸ்லீவின் மேல் அல்ல, ரப்பரின் மேல். டார்க் ரெஞ்சுக்கு அது தெரியாது, அது க்ளிக் என்றுதான் சொல்லும். வண்டி ஓடியதும் பெல்ட் சிக்கிய இடத்திலிருந்து விலகும், நட்டுக்குக் கீழே இடைவெளி விழும், பற்கள் ஆட ஆரம்பிக்கும்.

மறுபடி செய்தபோது வரிசை இப்படி. பின் புல்லியில் அதற்கென்றே மரை போட்ட துளை இருக்கும். கையேடு சொல்லும் போல்ட்டை அதில் முறுக்கித் தட்டுகளை விரித்து, பெல்ட்டை அங்கே அடிவரை இறக்க வேண்டும். அப்படி இறக்கினால் முன்பக்கம் பெல்ட் தொளதொளவென்று தொங்கும். அசையும் தட்டையும் கேம் பிளேட்டையும் இரண்டு கையாலும் ஒரே பொருள் மாதிரிச் சேர்த்துப் பிடித்தபடியே ஷாஃப்ட்டில் ஏற்றுங்கள். நடுவே கொஞ்சம் விலகினாலும் ஒரு ரோலர் இடம் மாறி விழும், தட்டு முழுசாக மூடாது. நட்டை இறுக்கி முடித்ததும் பெல்ட் இன்னும் தளர்வாகவே இருக்க வேண்டும். இருக்கவில்லை என்றால் க்ளிக்கை நம்பாதீர்கள், கழற்றி மறுபடி செய்யுங்கள். அதே சமயம் முன் புல்லியைக் கையால் சுற்றினால் ஒரு பக்கம் தடையில்லாமல் சுழலும், மறுபக்கம் எஞ்சினின் கம்ப்ரஷன் தடுக்கும். இரண்டு பக்கமும் சும்மா சுழன்றால் வெட் கிளட்சின் ஒன்வே பேரிங் (ஒரு பக்கம் மட்டும் சுழல விடும் பேரிங்) போய்விட்டது. இறக்கத்தில் எஞ்சின் பிரேக் கிடைக்காததும் அதனால்தான். கடைசியாக விரித்த போல்ட்டைக் கழற்றிவிட்டு, பெல்ட் பின் புல்லியின் விளிம்புவரை ஏறி வரும்வரை கையால் சுற்றுங்கள்.

ரிவர்ஸ் போடும்போது கரகரவென்ற சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. கியர்பாக்ஸ் என்று பயந்தேன். ஐடில் ஸ்பீடு (திராட்டில் தொடாதபோது எஞ்சின் சுழலும் வேகம்) 1,900 ஆர்பிஎம்மில் நின்றது, கையேட்டில் 1,500. ஐடில் அதிகமானால் வெட் கிளட்ச்சின் ஷூ (லைனிங் ஒட்டிய துண்டு) லேசாக ஒட்டிக்கொண்டே இருக்கும், கியர் உள்ளே போகும்போது பல்லோடு பல் மோதும். குறைத்ததும் சத்தம் நின்றது. ஐடில் சரியாக இருந்தும் கரகரத்தால் கியர் லீவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் ஷிஃப்ட் ராடின் நீளத்தைப் பாருங்கள். ஓடும்போது கியர் தானாக வெளியே குதித்தால்தான் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டிவரும்.

புது பெல்ட் என்பதால் முதல் 50 கிலோமீட்டர் முழு திராட்டில் கொடுக்காமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டினேன். நட்டிலிருந்து தட்டுவரை வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தேன். 20 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மூடியைத் திறந்தால் உள்ளே மெல்லிய தூள் மட்டும்தான், ஆயில் ஈரம் எங்கும் இல்லை. வெள்ளைக் கோடு உடையாமல் ஒரே நேராக நின்றது.