சி-யை மட்டும் மாற்றிவிட்டு எழுந்து வராதீர்கள்

நீரியல் தாளில் முதல் தடவை எனக்கு அரியர். விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தபோதுதான் சறுக்கிய இடம் தெரிந்தது. நிலப் பயன்பாடு மாறினால் ஆற்றின் உச்ச ஓட்டம் (விநாடிக்கு அதிகபட்சமாக ஓடும் நீர்) எப்படி மாறும் என்று 13 மார்க் கேள்வி. கான்கிரீட் வந்தால் மண் உறிஞ்சாது, வெள்ளம் கூடும் என்று அதையே மூன்று பக்கத்துக்குத் திருப்பித் திருப்பி எழுதியிருந்தேன்.

வியாசர்பாடியில் கேப்டன் காட்டன் கால்வாய்ப் பக்கம்தான் எங்கள் வீடு. ஆயா அடிக்கடி சொல்லும்: "முன்னல்லாம் மழ வுட்டு ரொம்ப நேரம் கயிச்சிதான் கால்வாய்ல தண்ணி ஏறும். இப்ப பேயும்போதே ஊட்டாண்ட வந்துருதுபா." நான் கோட்டைவிட்டது அதைத்தான். நேரம்.

ராஷனல் முறையில் உச்ச ஓட்டம் என்பது சி × ஐ × ஏ ÷ 360. சி என்பது மழையில் எத்தனை பங்கு வழிந்தோடும் என்ற விகிதம்; ஐ மழையின் செறிவு, மணிக்கு மி.மீ.; ஏ பரப்பு, ஹெக்டேர்; விடை விநாடிக்குக் கனமீட்டர். 60 ஹெக்டேர் வயல், சி 0.3, செறிவு 60 என்று வையுங்கள்: விடை 3. வயல் மனையாகி சி 0.7 ஆனால் 7. நான் இங்கேயே பேனாவை மூடிவிட்டேன். ஆனால் கூரையும் ரோடும் சிமென்ட் வடிகாலும் தண்ணீரை ஓட ஓட விரட்டும். கடைக்கோடியில் விழுந்த நீர் வெளியேறும் வாய்க்கு வந்து சேரும் நேரம் சுருங்கும். கணக்குக்கு எடுக்கும் மழையின் நேரமும் அதுவேதான். குறைந்த நேர மழைக்குச் செறிவு அதிகம். 60 என்பது 90 ஆனால் விடை 10.5! இரண்டு ஹைட்ரோகிராஃபையும் (நேரம் போகப்போக ஓட்டம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) ஒரே அச்சில் வரைந்துவிடுங்கள்: பழையது அகன்று தாழ்வாக, புதியது ஒல்லியாக, முன்னதாகவே எகிறி.

பலர் தொடாத இடம் ஒன்று. கர்வ் நம்பர் (மண்ணும் நிலப் பயன்பாடும் எவ்வளவு நீரை வழியவிடும் என்பதற்கான எண்; கூடினால் வழிவதும் கூடும்) 70-லிருந்து 90 ஆனால், 100 மி.மீ. மழையில் வழிந்தோடும் நீர் 33-லிருந்து 73 மி.மீ. ஆகிறது, இரண்டு மடங்குக்கு மேல். 300 மி.மீ. கொட்டினால் 200-லிருந்து 269 மட்டுமே. பேய்மழைக்கு வயலும் நிரம்பித் ததும்பிவிடும் அல்லவா?

ராஷனல் முறை சிறு பரப்புக்குத்தான். கொசஸ்தலையாறு முழுவதற்கும் போட்டுவிடாதீர்கள். நடுவில் பூண்டி நீர்த்தேக்கம் வேறு இருக்கிறது. அந்த ஆறு கடலில் சேரும் எண்ணூரில் கடல் ஏறியிருக்கும்போது தண்ணீர் வடியாமல் நிற்பதையும் இதில் கலக்க வேண்டாம். அது உச்ச ஓட்டம் கூடியதால் அல்ல, ஆற்றின் வாயில் கடல் மட்டம் ஏறியதால். இரண்டாம் தடவை நானே அதை எழுதிவிட்டு, மணி அடிக்குமுன் அவசரமாகக் கோடு போட்டு அடித்துவிட்டு வந்தேன்.