அக்காவின் வழக்குக் கட்டு

அக்காவுக்குக் குடும்ப நல நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்த அன்று, கூடவே இருந்த விவாகரத்து மனுவை இரண்டு பக்கத்துக்கு மேல் எங்களால் படிக்க முடியவில்லை. அவளைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் எழுதியிருந்தது. ஆத்திரத்தில் அதை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டினோம். பெரிய தப்பு. வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் எக்ஸ் பார்ட்டி ஆக்கி, நாம் இல்லாமலேயே தீர்ப்புச் சொல்லிவிடலாம். அதை ரத்து செய்யக் கேட்க, தீர்ப்பான நாளிலிருந்து 30 நாள்தான் அவகாசம், சம்மன் முறையாகக் கிடைக்காதவர்களுக்கு மட்டும் விஷயம் தெரிந்த நாளிலிருந்து கணக்கு.

வாய்தாவுக்கு ஒரு வாரம் முன்னால் பயந்துபோய் அந்த வழக்குக் கட்டை எடுத்துப் பிரித்தோம். மேலே இருக்கும் ஓ.பி. நம்பர்தான் மெயின் வழக்கு. ஐ.ஏ. என்று தனி நம்பரோடு வருபவை இடைக்கால மனுக்கள், வழக்கு முடியும்வரைக்கான ஜீவனாம்சம், குழந்தையைப் பார்க்க அனுமதி போன்றவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கவுண்டர், அதாவது எழுத்துப்பூர்வமான பதில் மனு, போட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது. வக்காலத்து என்பது வக்கீலுக்கு நாம் எழுதிக்கொடுக்கும் அதிகாரம், அவ்வளவுதான்.

கவுண்டர் விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 'எல்லாம் பொய்' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் போதாது, எதைக் குறிப்பாக மறுக்கவில்லையோ அதை ஒப்புக்கொண்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். அதனால் மனம் எவ்வளவு வலித்தாலும் எதிர்த்தரப்பு மனுவைப் பத்தி பத்தியாகப் படித்து, எது உண்மை, எது பொய், எது தனக்குத் தெரியாது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வக்கீலிடம் கொடுக்க வேண்டும். அக்கா இரண்டு ராத்திரி உட்கார்ந்து அதைச் செய்தாள். நடுவில் அழுதாள், ஆனால் நிறுத்தவில்லை.

அப்புறம் ஆதாரமாகக் கொடுக்கும் வாட்ஸ்அப் மெசேஜ்கள். வெறும் பிரிண்ட் அவுட் போதாது, பாரதிய சாட்சியச் சட்டம் 63-வது பிரிவின்படி சான்றிதழும் சேர்த்துத் தர வேண்டும்.

எல்லாவற்றையும்விட கனமான காகிதம் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம். ஜீவனாம்ச வழக்குகளில் இரண்டு தரப்புமே இதைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் சொல்லிவிட்டது. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே தரப்பட வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. சம்பளம், வங்கிக் கணக்கு, நகை, கடன், இன்சூரன்ஸ், குழந்தையின் செலவு என எதையும் விடாமல் கேட்கும். தெரிந்தே பொய் சொன்னால் அதற்கே தனி நடவடிக்கை உண்டு.

அக்காவுக்குத் தயாராகி வந்த வரைவில் 'எனக்கு எந்த வருமானமும் இல்லை' என்று இருந்தது. அவளோ வீட்டில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். சின்னத் தொகைதானே, இது எதற்கு என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். அவள் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்து, அந்த வரியை மாற்றச் சொல்லி, புது வரைவை முழுக்க ஒருமுறை படித்த பிறகுதான் பேனாவை எடுத்தாள்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வியே அதுதான், "நீங்கள் டியூஷன் எடுத்துச் சம்பாதிக்கிறீர்கள், சரியா?"

"ஆமாம் சார். எவ்வளவு வருகிறது என்று என் பிரமாணப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறேன்."

அவர் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனார்.