தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு வேலை

மதுரையில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். வார்டு நர்ஸாக இருந்து வந்ததால் எல்லாரும் இன்னும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கீமோவுக்குத் தேதி போடுவது, ஸ்கேனுக்கு நேரம் வாங்குவது, இன்ஷூரன்ஸ் கவுன்டருக்குக் காகிதங்களை அனுப்புவது என்று வேலை ஓடும். இதற்கு நடுவே ஊரில் இல்லாத பிள்ளைகளோடு பேசுவதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கமிருந்து வரும் பெரியவர்கள் பலருக்குப் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ அமெரிக்காவிலோதான் இருக்கிறார்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் ஓ.பி. திறக்கும் முன்பே அங்கிருந்து மெசேஜ் வந்து நிற்கும்.

முதல் போனில் கிட்டத்தட்ட எல்லாரும் சொல்வது இரண்டு விஷயம். "என்ன ஸ்டேஜ் சிஸ்டர்?" அடுத்த மூச்சிலேயே, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." இரண்டாவதற்கு நான் சுலபத்தில் சரி சொல்வதில்லை. வாசலிலேயே புற்றுநோய்ப் பிரிவு என்று பெரிதாக எழுதியிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் தலையில் முடியில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்ததை யாரிடமும் பேச முடியாமல்தான் இருப்பார். அதனால், எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரிடமே கேட்டுவிடுவோம் என்பேன். "எனக்கு எதுக்குத்தா அதெல்லாம், மகன்கிட்ட சொல்லு" என்பார்கள் சிலர். அது அவர் எடுத்த முடிவு, ஃபைலில் அப்படியே எழுதி வைப்போம். எல்லாவற்றையும் தனக்கே சொல்லச் சொன்ன பாட்டிகளும் நிறையப் பேர்.

சிவகங்கைப் பக்கத்து அம்மா ஒருவர், மார்பில் கட்டி. மகள் சிங்கப்பூரில், சின்ன மகன் துபாயில். கூடவே வந்துகொண்டிருந்தது மூத்த மகனின் மனைவி. விடியும் முன் எழுந்து, பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிவைத்துவிட்டு, மாமியாரோடு முதல் பஸ் பிடிப்பார். கீமோ நாளென்றால் முதலில் ரத்தப் பரிசோதனை. வெள்ளை அணுக்கள் போதுமான அளவு இருந்தால்தான் மருந்து ஏறும். அந்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரமெல்லாம் அவர் போன் அடித்துக்கொண்டே இருக்கும். டாக்டர் சொன்ன ஒரே விஷயத்தை நாத்தனாரிடம் ஒருமுறை, கொழுந்தனிடம் ஒருமுறை, பெரியம்மா வீட்டில் ஒருமுறை என்று சொல்வார். கேட்டவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டு, "நீங்க சரியா கேட்கலையா மதினி?" என்று அவரையே திருப்பிக் கேட்பார்கள்.

அன்பில்லாமல் யாரும் அப்படிக் கேட்பதில்லை. தூரத்தில் இருப்பவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது கேள்வி மட்டும்தான் மிஞ்சுகிறது. அதுவே பக்கத்தில் இருப்பவருக்கு விசாரணை போல ஆகிவிடுகிறது. இத்தனை குடும்பங்களைப் பார்த்த பிறகு நான் ஒன்றில் பிடிவாதமாக இருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை வேண்டும். செய்தால் நோயாளிக்கு உதவுவதாகவும், செய்யாவிட்டால் சிகிச்சை தடுமாறுவதாகவும் உள்ள நிஜ வேலை.

அந்தக் குடும்பத்தில் மகளுக்குக் கிடைத்தது காகித வேலை. வேறொரு மருத்துவமனையிலும் கருத்துக் கேட்க ஆசைப்பட்டார், நல்லதுதான். ஆனால் பயாப்ஸி ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பினால் போதாது. திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக், அதிலிருந்து எடுத்த ஸ்லைடுகள், நோய் உடம்பில் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனின் ஃபிலிமோடு அதன் சி.டி. எல்லாம் வேண்டும். பரிசோதனை செய்த லேபில் எழுதிக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டு பிளாக்கை வாங்க வேண்டும். எங்கே, யாரிடம் என்று மகளே லேபுக்குப் பேசி முடித்துவைத்தார்; அண்ணன் போய் வாங்கிவந்தார். ரிப்போர்ட்டில் ஹெர்2 என்ற இடத்தில், அதாவது கட்டியின் செல்களில் இருக்கும் ஒரு புரதத்துக்கான இடத்தில், 2+ என்றிருந்தது. வீட்டில் அதை இரண்டாவது ஸ்டேஜ் என்று நினைத்துவிட்டார்கள். அது ஸ்டேஜ் இல்லை. முடிவு தெளிவாக இல்லை, ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்துதான் எந்த மருந்து என்று முடிவெடுக்க முடியும் என்று அர்த்தம். இதை மகளுக்கு ஒருமுறை விளக்கினேன், மீதிப் பேருக்கு அவர் விளக்கிக்கொண்டார். ஒவ்வொரு கீமோ சுற்றின் தேதி, ரத்த அணுக்களின் அளவு, எடை எல்லாவற்றையும் ஒரே தாளில் பதிந்துவைத்தார். எங்கள் டாக்டரே அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்.

டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் மட்டும் போனில் இருக்கலாம், முன்கூட்டியே எழுதி அனுப்பிய கேள்விகளோடு. சாயங்காலம் குடும்ப குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ், அதற்குப் பிறகு மருமகளை யாரும் கூப்பிடக் கூடாது. 2020 மார்ச்சில் தொலை மருத்துவத்துக்கு மத்திய அரசு வழிகாட்டு நெறிகள் வெளியிட்ட பிறகு வீடியோவில் ஆலோசனை சொல்வது டாக்டர்களுக்கும் சங்கடமில்லாத விஷயமாகிவிட்டது.

ஆனால் காய்ச்சலுக்கு வீடியோ ஆகாது. ஒவ்வொரு முறை கீமோ ஏறிய பிறகும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 100.4 டிகிரியைத் தொட்டாலே உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிட்டால் கிருமி ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. இந்த வேலையை துபாய் மகன் எடுத்துக்கொண்டார். ஊரிலேயே ஒரு கார் டிரைவரிடம் பேசி, எந்த நேரம் கூப்பிட்டாலும் வர வேண்டும், பணம் என் பொறுப்பு என்று ஏற்பாடு. ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு 101 டிகிரி. "விடியட்டும், இந்நேரத்துல யாரைத் தொந்தரவு பண்றது" என்று அம்மா படுத்துவிட்டார். மருமகள் துபாய்க்கு ஒரே ஒரு போன். அங்கே அப்போது ஒன்பதரை. கார் வாசலுக்கு வந்துவிட்டது. அவசரப் பிரிவுக்கு நான் முன்னதாகவே தகவல் சொல்லியிருந்ததால் வந்ததுமே ரத்தம் எடுத்து ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். சில நாளில் வீடு திரும்பினார்.

பணத்தைப் பற்றி ஒன்று மட்டும். பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கிடைக்காது என்று தாங்களாகவே முடிவுகட்டி வருகிறார்கள். குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் கொண்டுபோய்க் கவுன்டரில் முதலில் கேளுங்கள். தகுதி இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி, "நான் இப்ப கிளம்பி வரணுமா?" என்பதுதான். ஆபரேஷன் அன்றைக்கு எல்லாரும் வந்துவிடுகிறார்கள். அதற்கு அடுத்த வாரம், காயத்து நீர் வடியப் போட்ட டியூபோடு வீட்டில் இருக்கும்போதுதான் ஆள் தேவை. மருமகள் நாலு நாள் தூங்கட்டும் என்று வந்தாலும் அது பெரிய உதவி. நோய் குணமாகாது என்று தெரிந்துவிட்டால், பேசவும் சாப்பிடவும் தெம்பு இருக்கும்போதே வாருங்கள் என்று பட்டென்று சொல்லிவிடுவேன். பகலில் பாதிக்கு மேல் படுக்கை, சாப்பாடும் குறைகிறது என்று பார்த்தால் லீவு சேரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கணையத்தில் புற்றுநோய் வந்த ஓர் அப்பாவுக்காக நியூ ஜெர்சியிலிருந்து மகன் அப்படி வந்தார். இருவருமாகக் குலதெய்வக் கோயிலுக்குப் போனார்கள், பட்டா விவரங்களைப் பேசி முடித்தார்கள். வலிக்கு மார்ஃபின் மாத்திரை தொடங்கியபோது, பழக்கமாகிவிடுமோ என்று அம்மா பயந்தார். டாக்டர் சொன்ன அளவில் வலிக்குக் கொடுப்பது அந்தப் பழக்கம் ஆகாது என்று விளக்கினோம். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து உண்டு என்றோம். 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகும் மார்ஃபின் எல்லா மெடிக்கல் கடையிலும் கிடைக்காது. அதனால் தீரும் முன்பே அடுத்ததை எங்களிடம் வாங்க ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மகன் திரும்பினார். ராத்திரி வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். இங்கே இரண்டு மணி என்றால் அங்கே முதல் நாள் சாயங்காலம் நாலரை. அப்பாவுக்கு வலி எழும்பினால் அம்மா அவரைக் கூப்பிடுவார். கூடுதலாக எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியதைப் படித்துச் சொல்லி, கொடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்வார். காலையில் அது எனக்கு வந்துவிடும். ஒரே ராத்திரியில் மூன்று முறை கூடுதல் மாத்திரை என்று அதில் பார்த்த அன்றைக்கே டாக்டர் அளவை மாற்றி எழுதினார்.