வலிக்காத புண்ணை அலட்சியம் செய்யாதீர்கள்

கம்பத்திலிருந்து விடியக்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் புண் வலித்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். உடலுறவில் தொற்றும் சிபிலிஸ் என்கிற மேகப்புண் பெரும்பாலும் வலிக்காது. ஆபத்தே அதுதான்.

தொற்றிய 10 முதல் 90 நாளுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ வாயிலோ புண் வரும். தொட்டால் சட்டைப் பொத்தான்போலக் கெட்டியாக இருக்கும். பெண்களுக்கு உள்ளே வந்தால் கண்ணில் படாது. 3 முதல் 6 வாரத்தில் தானே ஆறிவிடும். களிம்பு கேட்டது என்று நினைக்காதீர்கள். கிருமி ரத்தத்தில்தான் இருக்கிறது. பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிக்காத செம்புள்ளிகள் வரலாம். தோட்டத்து மருந்து பட்ட அலர்ஜி என்று பலர் விட்டுவிடுவது இங்கேதான்.

முதலில் சிபிலிஸைக் கண்டுபிடிக்கும் வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை எடுங்கள்; 'இருக்கிறது' என்று காட்டினால் இன்னொரு ரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். புண் வந்த புதிதில் 'இல்லை' என்று காட்டினால், சில வாரம் கழித்து மறுபடி எடுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் கூடவே செய்துகொள்ளுங்கள்; இந்தப் புண் வழியாக அது சுலபமாகத் தொற்றும்.

ஆரம்ப நிலைக்கு பென்சாதைன் பென்சிலின் ஊசி 24 லட்சம் யூனிட், இரண்டு புட்டத்திலும் பாதிப் பாதியாக, ஒரே தடவை. ஓராண்டு தாண்டியிருந்தால் வாரம் ஒன்றாக மூன்று தடவை. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட முதல் நாள் காய்ச்சலும் நடுக்கமும் வரலாம்; பயந்து அடுத்த ஊசியை நிறுத்தாதீர்கள்.

கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கக்கூடும். முதல் செக்கப்பிலேயே பரிசோதித்து, கணவருக்கும் சேர்த்து வைத்தியம் பாருங்கள். வைத்தியம் பார்த்த எல்லோரும் 6, 12 மாதத்தில் மறுபடி வி.டி.ஆர்.எல். பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள்: அதன் அளவு நான்கில் ஒரு பங்காகவாவது, அதாவது 1:32 இருந்தது 1:8 ஆகவாவது, இறங்கியிருக்க வேண்டும்.