மெழுகு ஒட்டிய முட்டை

கோழி முட்டைகளை அடைக்கு வைத்து இன்று 7-ஆம் நாள். விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சின் மேல் அந்த முட்டையை வைத்தேன்.

சிவப்பு நரம்புகள்! நடுவில் ஒரு கரும்புள்ளி அசைகிறது.

பட்டர்வொர்த்தில் அத்தை வீட்டிலிருந்து கொண்டுவரும்போதே மயிரிழை விரிசல். எறிய மனம் வரவில்லை. மெழுகுவர்த்தியை உருக்கி, விரிசலின் மேல் மட்டும் மெல்லிசாகத் தடவினேன். முழுக்கப் பூசக்கூடாது; ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாகத்தான் குஞ்சுக்குக் காற்று.

கெட்டால் வெடித்து மற்றவற்றையும் கெடுத்துவிடும். அதனால் தினமும் முகர்ந்து பார்க்கிறேன். அம்மாவும்தான்.

ஓர் உயிர் இவ்வளவு மெல்லிய கோட்டைத் தாண்டி வளர்வதைப் பார்க்கையில் நெஞ்சு நிறைகிறது.

18-ஆம் நாள் வரை புரட்டுவேன். அப்புறம் தொடமாட்டேன். குஞ்சு பொரிக்கும் 21-ஆம் நாளுக்கு இன்னும் 14 நாள்.