பிடி அரிசிக் கணக்கு

ஜூன் 1, 2025, ஞாயிறு

ஊரிலிருந்து எங்கள் கிறிஸ்தவ சபையின் செயலாளர் தம்பி மறுபடியும் போன் செய்தார். கோயிலை அர்ப்பணித்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு இந்த ஆண்டு மலர் போடுகிறார்களாம். சபை வரலாற்றை நான்தான் எழுதித் தர வேண்டுமாம். "நீங்கள் மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்கள் அக்கா, உங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்" என்றார். இன்னொரு காரணத்தை அவர் சொல்லவில்லை. சபையில் பழைய கதை தெரிந்தவர்களில் பாதிப் பேர் இன்று தாராவியில்தான் இருக்கிறார்கள்.

உதவியாக இருக்கட்டும் என்று நான்கு பக்கக் குறிப்பும் அனுப்பியிருந்தார். வெள்ளைக்காரத் துரை ஒருவர் குதிரையில் வந்து பிரசங்கித்தது, அஸ்திவாரக் கல், கோபுரம், வெண்கல மணி, ஒலிபெருக்கி, சேகர குருக்களாக இருந்த போதகர்களின் வரிசை. ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முக்கால்வாசி பெண்கள் உட்காரும் கோயில் அது. படித்து முடித்ததும் அந்தத் தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிட்டேன்.

எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எழுதுவதை அவ்வப்போது இங்கேயும் குறித்து வைக்கிறேன். ஆட்களின் பெயர்களை மட்டும் இங்கே போடமாட்டேன், அவை மலருக்கு.

ஜூன் 4, புதன்

இந்த ஆண்டு மே 26ஆம் தேதியே மும்பையில் மழை தொடங்கிவிட்டது. 90 அடி சாலையில் முழங்கால் தண்ணீரைத் தாண்டிப் பெரியம்மை வீட்டுக்குப் போனேன். வயது 91. கண் மங்கிவிட்டது, நினைவு மங்கவில்லை.

சபை எப்போது தொடங்கியது என்று கேட்டேன். ஆண்டு சொல்லத் தெரியவில்லை. "தாது வருஷத்துப் பஞ்சத்தில் நம் ஆட்கள் வேதத்தில் சேர்ந்தார்கள் என்று என் ஆச்சி சொல்வாள்" என்றார். அந்தப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த காலம் அது. கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்று இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. நான் அதை மறைக்கப் போவதில்லை. பசித்தவன் கஞ்சி ஊற்றிய வீட்டை நம்பியதில் என்ன தவறு? பஞ்சம் தீர்ந்து, பதநீர் திரும்ப இறங்கி, கஞ்சித் தொட்டி மூடிய பிறகும் ஏழெட்டுக் குடும்பம் விலகாமல் நின்றது. எங்கள் சபை அந்த ஏழெட்டுக் குடும்பத்திலிருந்து தொடங்குகிறது.

முதல் கோயில் ஓலைக் கொட்டகை. பகலில் பள்ளிக்கூடம், இரவில் ஜெபம். சபையை நடத்திய உபதேசியார் ஒருவரே வாத்தியாரும். கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள் மூன்றையும் மனப்பாடமாகச் சொன்னால்தான் ஞானஸ்நானம். பனையேறிகள் காலையும் மாலையும் மரத்தில் இருப்பார்கள். பெண்களுக்குப் பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அடுப்பை விட்டு நகர முடியாது, பதநீர் பொங்கி வழிந்துவிடும். அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்றால், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளை விடிலி வாசலில் உட்கார வைத்துச் சொல்லச் சொல்வார்களாம். பிள்ளை ஒரு வரி, அகப்பையால் துழாவிக்கொண்டே தாய் ஒரு வரி. உள்ளே உடைமுள் விறகின் புகை. பாகு முறுகிக் கருப்பட்டிப் பதம் வருவதற்குள் விசுவாசப் பிரமாணம் எத்தனை தடவை வரும் என்று பெரியம்மையின் ஆச்சி கணக்கு வைத்திருந்தாளாம்!

இதைச் சொல்லிவிட்டு, பெரியம்மை தானாகவே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல ஆரம்பித்தார். வலது கை அகப்பை பிடித்தது போல வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜூன் 8, பெந்தெகொஸ்தே ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு ஊர்க்காரர்கள் நாலைந்து பேரிடம் மலரைப் பற்றிச் சொன்னேன். எல்லாரும் தங்கள் தாத்தா படத்தைப் போட வேண்டும் என்றார்கள். பாட்டி படம் யாரிடமும் இல்லை.

ஜூன் 11, புதன்

நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்த பையனிடம் செயலாளர் ஒரு ஓலைக் கொட்டானைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். கோயில் அலமாரியில் கிடந்ததாம். உள்ளே துணியில் சுற்றி ஒரு கணக்கு நோட்டு. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது, நீளவாக்கில் தைத்தது. முதல் தாளைக் கரையான் தின்றுவிட்டது, எனவே ஆண்டு தெரியவில்லை. கணக்கெல்லாம் ரூபாய், அணா, பைசாவில் இருக்கிறது. 1957இல் நயா பைசா வந்தது, அதற்கு முந்தியது என்பது உறுதி.

மேசை விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு இரவு பன்னிரண்டு மணி வரை படித்தேன். மை பழுப்பேறியிருக்கிறது. எழுதியவர் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையாக இருக்க வேண்டும், எழுத்து ஒரே சாய்வில் ஓடுகிறது. வாரந்தோறும் ஒரே தலைப்பு: பிடி அரிசி.

தெரியாதவர்களுக்காக: அடுப்பில் உலை வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோனால் அளந்து ஏலம் விடுவார்கள். அந்தப் பணம்தான் விளக்கெண்ணெய்க்கும், உபதேசியார் சம்பளத்தில் சபையின் பங்குக்கும். பெயர்தான் பிடி அரிசி. எங்கள் தேரிக்காட்டில் அப்போது நெல்லுச்சோறு பண்டிகைக்குத்தான். நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் கம்பும் சோளமும்தான். 'கம்பு நாழி 2 உழக்கு 1.' 'சோளம் நாழி 3.' ஒரு ஐப்பசியில் மூன்று வாரம் தொடர்ந்து 'இல்லை' என்று எழுதியிருக்கிறது. பனைக்கு வேலையில்லாத மாதம். நான்காவது வாரம் 'உழக்கு அரை.' அந்த அரை உழக்கைப் பார்த்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மூன்று வாரம் வெறுங்கலயத்தை வைத்திருந்தவள், நான்காவது வாரம் முதல் பிடியை எடுத்து அதற்குள்தான் போட்டிருக்கிறாள்.

இன்னொரு வரி: 'மிஷனரிச் சங்கத்துக்கு 1 ரூபாய்.' 1903இல் பாளையங்கோட்டையில் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் மற்றவர்களும் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கமாக இருக்க வேண்டும். அதன் முதல் பணித்தளம் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல். எங்கள் கோயிலுக்கு அப்போது கூரை ஓலை. அந்த ஓலைக்கடியில் இருந்துகொண்டு, பார்த்திராத ஊருக்கு ஒரு ரூபாய் அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூன் 15, திரித்துவ ஞாயிறு

நோட்டின் பின்பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினால் வேறொரு கணக்கு. கல்கோயில் கட்டிய கணக்கு. சுண்ணாம்பு, கருப்பட்டி, தச்சன் கூலி, மங்களூர் ஓடு. நன்கொடைப் பட்டியல் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. முதல் பட்டியலில் எங்கள் தெரு. ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே 'கீழத்தெரு' என்று பதினொரு பெயர்கள். அவர்கள் பெயருக்கு எதிரே பணம் இல்லை. 'கல் சுமந்தது. கூலி வாங்கவில்லை' என்று இருக்கிறது. பதினொன்றிலும் அதே வரி.

செயலாளரின் நான்கு பக்கத்தில் கீழத்தெரு என்ற சொல்லே கிடையாது.

ஜூன் 18, புதன்

கீழத்தெருவிலிருந்து அறுபது வருடத்துக்கு முன்னால் இங்கே வந்த அண்ணாச்சி ஒருவரைத் தேடிப் போனேன். தாராவித் தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வயது 84. பட்டியலைப் படித்துக் காட்டினேன். ஆறாவது பெயரில் கையைத் தூக்கினார். "என் அப்பா."

பிறகு வெகுநேரம் பேசவில்லை. அவர் மகள் கொண்டுவந்த தேநீர் ஆறிப்போயிற்று.

"பனை அறுவடை முடிந்த மாதத்தில் கல் சுமந்தார்கள் டீச்சரம்மா. அப்பா தோளில் ஒரு தழும்பு உண்டு, சாகும்வரை இருந்தது. ஏன் கூலி வாங்கவில்லை என்று அம்மா கேட்டதற்கு, நம்ம கோயிலுக்கு நாம் கூலி வாங்குவோமா என்று சொன்னாராம்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கட்டி முடித்த பிறகு மேற்கு வாசலை ஒட்டி எங்களுக்குத் தனிப் பாய் போட்டார்கள். திருவிருந்துக்கு உங்கள் தெருவெல்லாம் வாங்கி முடித்த பிறகு எழுந்து போக வேண்டும். நான் பன்னிரண்டு வயது வரைக்கும் அந்தப் பாயில்தான் உட்கார்ந்தேன்."

அந்தப் பாய் எனக்கு நினைவிருக்கிறது. நான் சிறுமியாக இருக்கையில்கூட அது இருந்தது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. அதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் சின்னப் பிள்ளை" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஜூன் 21, சனி

செயலாளரிடம் கீழத்தெருப் பட்டியலையும் பாயையும் பற்றிச் சொன்னேன். "இப்போது எல்லாரும் ஒற்றுமையாக இருக்கிறோம் அக்கா. ஒரே அசனப் பந்தியில் சாப்பிடுகிறோம். பழையதைக் கிளறினால் யார் மனமாவது புண்படும்" என்றார்.

யார் மனம் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

அவர் நல்ல பிள்ளை. நாற்பது குடும்பம்கூட மிஞ்சாத ஊரில் கோயில் மணி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்கிறவர். அதனால் கோபத்தை அடக்கிக்கொண்டு ஒன்றை மட்டும் சொன்னேன். பாளையங்கோட்டையில் 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். திருநெல்வேலிச் சபைகளுக்கெல்லாம் அதுதான் தலைச்சன் பட்டியல். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மாள் அந்தச் சபையின் தாய், 1785இல் அங்கே கோயில் கட்டியவர். அந்த நாற்பது பேரும் ஒரே சாதியினர் அல்லர், பல சாதியினர். பட்டியலுக்கு நடுவே கோடு போடும் பழக்கம் நமக்குப் பிறகுதான் வந்திருக்கிறது, தம்பி, அதையும் எழுதினால்தான் வரலாறு. ஒரு வரி எடுத்தாலும் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன்.

கமிட்டியில் வைத்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தார்.

ஜூன் 29, ஞாயிறு

மும்பையில் நாங்கள் கூடிய கதையையும் வரலாற்றில் ஓர் அதிகாரமாகச் சேர்த்துவிட்டேன். கேட்டால், ஊர்ச் சபைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். ஓலை மாறி ஓடு வந்ததும், ஓடு மாறிக் கான்கிரீட்டும் கோபுரமும் வந்ததும் தாராவியிலிருந்து போன மணியார்டரால். கோயில் வளர வளர ஊர் காலியானது. இரண்டும் ஒரே ரயிலில் நடந்தன.

1978இல் நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது, ஊர்க்காரர்கள் சனிக்கிழமை இரவு ஒரு வீட்டில் கூடுவார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, இருபத்தைந்து பேர் உட்காருவோம். ஒருவர் முழங்கால் மற்றவர் முதுகில் படும். மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே தரையில். தனிப் பாய் போட அங்கே இடமே கிடையாது. கீர்த்தனை பாடும்போது பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் தன் பக்கத்துச் சுவரில் தாளம் தட்டுவார்.

ஊர்க் கோயிலில் பாயை எடுத்தது எப்போது என்று இன்று விசாரித்தேன். விடுமுறைக்குப் போன மும்பைக்காரர்கள், இங்கே வந்த பழக்கத்தில் கலந்து உட்கார்ந்துவிட்டார்களாம். ஒரு வருடம் சத்தம் போட்டார்கள், மறு வருடம் முணுமுணுத்தார்கள், அதற்கடுத்த வருடம் யாரும் பாயை விரிக்கவில்லை. தீர்மானம் எதுவும் போட்டதாக யாருக்கும் நினைவில்லை. அண்ணாச்சியும் அப்படித்தான் சொன்னார்.

ஜூலை 3, வியாழன்

கமிட்டி ஒப்புக்கொண்டது. இரண்டு பேர் எழுந்து போனார்களாம், மற்றவர்கள் இருந்தார்களாம். செயலாளர் குரலில் களைப்பும் நிம்மதியும் சேர்ந்து இருந்தன.

இருபத்து மூன்று பக்கம். பிடி அரிசி கொண்டுவந்த பெண்களின் பெயர்களை நோட்டில் இருந்த வரிசையிலேயே எழுதினேன். கீழத்தெருப் பதினொரு பெயரையும் நன்கொடைப் பட்டியலிலேயே, கோடு இல்லாமல். உறையில் போட்டு ஒட்டி, முகவரி எழுதி, குடையை எடுத்தேன். கதவைத் தட்டும் சத்தம்.

அண்ணாச்சி. மழையில் நனைந்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சயான் ஸ்டேஷன் பக்கமிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

"அப்பா பெயரை எழுதினீர்கள். அம்மாவை விட்டுவிட்டேன் டீச்சரம்மா. அவளும் கல் சுமந்தாள். நான் வயிற்றில் இல்லை, இடுப்பில் இருந்தேன். நோட்டில் எழுதியிருக்க மாட்டார்கள்."

நோட்டைத் திரும்பவும் பார்த்தேன். எழுதவில்லை.

துண்டைக் கொடுத்து உட்காரச் சொன்னேன். ஒட்டிய உறையைக் கிழித்தேன். ஞானஸ்நானப் பெயரைச் சொன்னார், எழுதினேன். அதற்கு முந்திய பெயரையும் எழுத வேண்டும் என்றார், அதையும் எழுதினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாக விரலை வைத்துப் பார்த்துவிட்டு, 'ளகரம்' என்றார். நான் 'லகரம்' போட்டிருந்தேன். திருத்தினேன்.